நுரைமகளோடு ஒரு குடும்பப் போட்டோ

என் அப்பாவுக்கு வேலையே மற்றவர்கள் செய்ததை வேண்டாம் என்று சொல்வதுதான். ஓசூர் சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் உதவி மேலாளர். பெயர் ஜெகதீஷ். அவர் மேசைக்கு வரும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒன்று பச்சை ஸ்டிக்கர், இல்லையென்றால் சிவப்பு ஸ்டிக்கர். அங்கே சம்பளத்துக்குச் செய்வதை வீட்டில் சம்பளம் வாங்காமலே செய்வார். தட்டில் விழுந்த தோசையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "ஓரம் தடிமன், நடுவுல மெலிசு, ரிஜெக்ட்" என்பார். "உங்கள எங்கப்பா இப்படித் தூக்கிப் பாக்காம உட்டுட்டாரு" என்று சொல்லிக்கொண்டே அம்மா அடுத்த தோசையை ஊற்றுவாள். ரிஜெக்ட் ஆன தோசையையும் அவரே சாப்பிட்டுவிடுவார்.

அவர் துறையில் மாஸ்டர் சாம்பிள் என்று ஒன்று உண்டு. குறையே இல்லாத ஒரு பாகத்தைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். லைனில் வருவதை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் நல்லது கெட்டது முடிவாகும். வீட்டில் என்னை வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு மாஸ்டர் சாம்பிள் இருந்தான். மாடி வீட்டு வெங்கட். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவன், கழுத்தில் அடையாள அட்டையோடு தூங்குபவன். அவன் மாடிப்படி இறங்கும் சத்தம் கேட்டாலே அப்பா என்னை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில் பச்சை ஸ்டிக்கர் ஒருநாளும் இருந்ததில்லை.

என் பெயர் அருணா. இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தேன். எனக்குப் படம் வரைய மட்டும்தான் வரும், அது போதும் என்றும் நினைத்தேன். என் காமிக்ஸின் நாயகி பெயர் நுரைமகள். பெங்களூரில் இரண்டு நாள் மழை பெய்தால் எங்கள் கெலவரப்பள்ளி அணையில் நுரை கிளம்பும். அங்கே கழுவிவிட்ட எல்லாமும் தென்பெண்ணையில் இறங்கி, எங்கள் மதகில் குதித்து, ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அதிலிருந்து பிறந்தவள் நுரைமகள். யார் வீட்டிலிருந்து அழுக்கு வந்ததோ அவர்கள் வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாகவே திரும்பிப் போய் நிற்பாள். அவ்வளவுதான் அவள் சக்தி. அதைப் பார்த்தே பாதிப் பேர் திருந்திவிடுவார்கள் என்பது என் கற்பனை.

பெங்களூரில் வருடா வருடம் விஞ்ஞானக் கதை, காமிக்ஸ் ரசிகர்களுக்கு ஒரு திருவிழா நடக்கிறது. ஜனங்கள் தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரம் மாதிரி உடுத்திக்கொண்டு வருவார்கள். வேஷப் போட்டி உண்டு. இந்த வருடம் அதற்கு நடுவராக, நான் விழுந்து விழுந்து படிக்கும் ஒரு பெண் ஓவியர் வருகிறார் என்று போட்டிருந்தது. நான் நுரைமகளாகப் போய் அவர் முன்னால் நிற்பது என்று முடிவு செய்தேன். அப்பா கம்பெனியில் கழித்துப்போட்ட பேக்கிங் ஃபோமை வெட்டி, சுருட்டி, அடுக்கி, தோளிலிருந்து தரை வரைக்கும் ஒரு உடை தைத்தேன். சைக்கிளில் அணைக்குப் போய் நுரையைப் பார்த்துப் பார்த்து வந்து தைத்தேன். அப்பா நுரையைச் செய்தியில் பார்த்ததோடு சரி. அவர் கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போகாது.

சென்னையில் ஒரு ஓவியக் கல்லூரிக்குப் போகிறேன் என்று நான் சொன்ன அன்றைக்கே பெரியப்பா கிருஷ்ணப்பன் நாகரசம்பட்டியிலிருந்து போன் செய்து, தெரிந்தவர் மூலமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் சொல்லி வைத்துவிட்டதாகத் தெரிவித்தார். அழுதேன், சாப்பிடாமல் கிடந்தேன், அம்மா எனக்காகப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள். கடைசியில் அப்பா தன் தொழில் முறைப்படி தீர்ப்புச் சொன்னார்.

"நீ வரையறது நல்லா இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லட்டும். அந்தப் பெங்களூர் போட்டியில ஒரு பிரைஸ் வாங்கிக்கினு வா, சென்னைக்கு அனுப்பறன். வாங்கலைன்னா பெரியப்பா சொன்ன சீட்டு. அப்புறம் பேச்சே கூடாது."

நான் சம்மதித்தேன். ஒரு நாள், ஒரு மேடை, ஒரு ஆள் பார்த்துச் சரி என்று சொன்னால் போதும் என்று இருந்தது.

இதில் நான் கணக்கில் எடுக்காதது என் குடும்பத்தை. எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் தனியாகப் போவதில்லை. பல் பிடுங்கப் போனால்கூட நாலு பேர் போய் வராந்தாவில் உட்கார்ந்திருப்போம். அதுவும் அன்றைக்கு வைகாசி ஞாயிறு, முகூர்த்த நாள். காலையில் கிருஷ்ணகிரியில் பெரியம்மா நாகம்மாவின் தம்பி மகளுக்குக் கல்யாணம். வைகாசியில் ஒரே நாளில் மூன்று கல்யாணத்துக்குத் தலையைக் காட்டிவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். மண்டபத்தில் நுழைவது, மேடையேறுவது, கொடுப்பதைக் கொடுத்து போட்டோவுக்கு நிற்பது, இறங்கிச் சாப்பிடுவது, அடுத்த மண்டபத்துக்கு வண்டியேறுவது. பெரியப்பா இதில் கரை கண்டவர்.

"கிருஷ்ணகிரில தாலி கட்டினதும் கெளம்பினா மத்தியானம் பெங்களூரு. அங்கயும் தலையக் காட்டிட்டு சாயங்காலம் ஊடு வந்துடலாம்" என்றார்.

"பெரியப்பா, அது கல்யாணம் இல்ல" என்றேன்.

"எதா இருந்தா என்னாம்மா. கூப்டாங்க, போறம்."

அங்கே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆனால் வண்டி அவர் ஏற்பாடு செய்தது, ஓட்டுநர் முனிவேல் அவர் ஊர்க்காரர். ஆக அம்மாவும் பெரியம்மாவும் அரக்குப் பட்டிலும் மாம்பழ மஞ்சள் பட்டிலும், தலை நிறைய மல்லிகையோடும், அப்பாவும் பெரியப்பாவும் ஜரிகை வேட்டியிலும், பின்சீட்டில் நானும் என் நுரை மூட்டையும், அதற்கும் பின்னால் பெரியப்பா தோட்டத்து மாம்பழக் கூடையுமாக கர்நாடக எல்லையான அத்திப்பள்ளியைத் தாண்டினோம். வழியில் யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமலே மாம்பழம் ஏற்றி வருவது பெரியப்பா வழக்கம். கொடுக்க ஆள் கிடைக்காமல் ஒருநாளும் போனதில்லை என்பார்.

திருவிழா நடந்த கூடத்தின், இரண்டு நாள் மழையில் நனைந்திருந்த வாசலில் காவலர் கூடையைத் தடுத்தார். வெளி உணவுக்கு அனுமதி இல்லை. பெரியப்பா கன்னடத்துக்கு மாறி, இது உணவு இல்லை, எங்கள் தோட்டம் என்று விளக்கி, "ஊட்டா ஆயிதா?" என்று அவர் சாப்பிட்டாரா என விசாரித்து, இரண்டு பழத்தை அவர் கையில் வைத்தார். கூடை உள்ளே போய்விட்டது. என் மூட்டையை மட்டும் பிரித்துப் பிரித்துச் சோதித்தார்கள்.

உள்ளே போனதும் பெரியம்மா பயப்படுவாள் என்று நினைத்தேன். கொம்பு முளைத்தவர்கள், நாலு கைக்காரர்கள், உடம்பெல்லாம் பச்சை பூசியவர்கள், முதுகில் சிறகு கட்டியவர்கள். அவள் நிதானமாக எல்லாரையும் பார்த்தாள்.

"எந்தக் கோயிலுக்கு வேண்டிக்கினாங்களாம்?" என்று கேட்டாள்.

"வேண்டுதல் இல்ல பெரியம்மா. ஆசைக்குக் கட்டறது."

"நம்ம காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைத் திருவிழாவுல சாமி வேஷம் இதவிட நல்லாக் கட்டுவாங்க. அந்தக் கொம்பு ஆடுது பாரு, சரியாக் கட்டல."

அப்பாவும் அந்தக் கொம்பைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஒட்டிய இடத்தில் பசை தெரிகிறதாம். ரிஜெக்ட்.

இதற்குள் இன்னொன்று நடக்க ஆரம்பித்தது. நுழைந்ததிலிருந்து யாராவது வந்து எங்களை, அதாவது அவர்களை, போட்டோ எடுக்கலாமா என்று கேட்டார்கள். முதலில் சிறகு கட்டிய ஒரு பெண், அப்புறம் ஒரு கூட்டம். அம்மாவின் மல்லிகையைத் தொட்டுப் பார்த்து, நிஜப் பூ என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் வியந்தாள். கேட்டவுடன் எங்கள் வீட்டார் வரிசையாக நின்று, பெரியவர்கள் நடுவில், சின்னவர்கள் ஓரத்தில், கைகளைத் தொங்கவிட்டு, சிரிக்காமல் கேமராவைப் பார்த்தார்கள். வேறு மாதிரி நிற்க அவர்களுக்குத் தெரியாது. போட்டோ எடுத்த ஒவ்வொருவருக்கும் பெரியப்பா ஒரு மாம்பழம் கொடுத்தார். என்ன அருமையான நடிப்பு என்று அவர்கள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனார்கள்.

நான் பெயர் பதிந்து டோக்கன் வாங்கிவந்தேன். கடைசி எண் எனக்கு. நுரை உடையில் பாக்கெட் இல்லாததால் டோக்கனை அம்மாவிடம் கொடுத்தேன். "இந்த மேடைக்குப் பக்கத்துலயே இரு. நான் போய் மாத்திக்கினு வரன். தோள்ல கொஞ்சம் பிரிஞ்சிருக்குது, தைக்கணும். என் நம்பர் கூப்படறதுக்குள்ள வந்துடறன்" என்றேன். அம்மா டோக்கனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

உடை மாற்றும் அறையில் கூட்டம். தோள் பகுதி நான் நினைத்ததைவிட அதிகமாகப் பிரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு ரோபோ தன் முட்டியை ஒட்டிக்கொண்டிருந்தது. கடைசித் தையலைப் போட்டுக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் தொகுப்பாளினி கடைசிப் போட்டியாளர்களை அழைப்பது கேட்டது. ஒரு குழு என்றாள். என் எண்ணைச் சொன்னாள். ஊசி கையிலேயே நின்றது. அடுத்து ஸ்பீக்கரில் ஒரு தொண்டைக் கனைப்பு.

"எல்லாருக்கும் வணக்கங்க" என்றது பெரியப்பாவின் குரல்.

நான் ஓடினேன். தரை வரைக்கும் நுரையைக் கட்டிக்கொண்டு ஓடுவது எப்படி என்று அந்த உடையைத் தைக்கும்போது நான் யோசித்திருக்கவில்லை.

நடந்தது இதுதான். பெரியப்பா மேடையைப் பார்த்திருக்கிறார். பின்னால் மினுமினுக்கும் திரை, இரண்டு ராஜா நாற்காலி, வெள்ளை விளக்கு, கீழே போட்டோக்காரர். மேடையில் வெள்ளி உடையில் ஒரு பையனும் பெண்ணும் ஜோடியாக நிற்கிறார்கள். பக்கவாட்டில் ஜனங்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராக ஏறி, நின்று, போட்டோ எடுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். காலையில் இதே காரியத்தைக் கிருஷ்ணகிரியில் செய்துவிட்டு வந்த மனிதர் வேறு என்ன நினைப்பார். "வா, வா, கூட்டம் சேர்றதுக்குள்ள போய்ட்டு வந்துடலாம்" என்று எல்லாரையும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார். வரிசையின் முனையில் இருந்தவர் டோக்கன் கேட்டிருக்கிறார். அம்மா இடுப்பிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறாள். குழுவா என்று கேட்டிருக்கிறார். "ஆமாங்க, ஒரே ஃபேமிலி" என்றிருக்கிறாள் அம்மா.

நான் மேடைக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலைக் கல்யாணத்தில் மிஞ்சிய அட்சதையை எடுத்து அந்த வெள்ளி ஜோடியின் தலையில் போட்டு, நூறு வயது வாழச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியப்பா ஆளுக்கு ஒரு மாம்பழம் கொடுத்தார். கூடம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த இருவரும் போட்டியாளர்களை வரவேற்க நிறுத்தியிருந்த அண்ணன் தங்கை என்பது பின்னால் தெரிந்தது.

தொகுப்பாளினி ஒலிவாங்கியை நீட்டி, "நீங்க எந்த உலகத்துலேர்ந்து வர்றீங்க?" என்று கேட்டாள்.

"நாகரசம்பட்டிங்க" என்றார் பெரியப்பா.

நடுவர் வரிசையில் சிரிப்பு. நான் எதற்காக நான்கு மாதம் விரலில் ஊசி குத்திக்கொண்டேனோ அந்த ஓவியர் அங்கே உட்கார்ந்திருந்தார். நரைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பெங்களூர்த் தமிழில் கேட்டார்.

"கற்பனை ஊருக்கு எவ்ளோ நல்ல பேர் வெச்சிருக்கீங்க. இந்தக் கேரக்டர்ல எத்தனை நேரமா இருக்கீங்க சார்?"

பெரியப்பாவுக்குக் கேள்வி முழுக்கப் புரியவில்லை. எத்தனை என்று கேட்டால் வயதைத்தான் கேட்பார்கள் என்று, "ஐப்பசி வந்தா அறுவதுங்க" என்றார். கூடம் அதிர்ந்தது. அவர் வேட்டியில் தெரிந்த சாம்பார்க் கறையை ஓவியர் சுட்டிக்காட்டி, உடையைப் பழசாகக் காட்டுவதற்கு எவ்வளவு நுணுக்கமாக உழைத்திருக்கிறார்கள் பாருங்கள் என்று மற்ற நடுவர்களுக்கு விளக்கினார். காலைப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் செய்த உழைப்பு அது.

 என் எண், என் மேடை, என் சென்னை, எல்லாம் அவர்கள் போட்டோவுக்கு நிற்கும் அழகில் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. சொந்தக்காரர்களே இல்லாமல் பிறந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார். அம்மா கையை நீட்டித் தடுத்தாள்.

"இருங்க. எம் பொண்ணு இன்னும் வரல."

எங்கள் பக்கத்தில் மேடையில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது ஒரு ஆள் குறைந்தால் எடுக்கவிட மாட்டார்கள். கைகழுவப் போனவர்கூட வந்து சேரும்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்தபடியே நிற்க வேண்டும். அம்மாவுக்குப் பெங்களூரும் ஒன்றுதான், கிருஷ்ணகிரியும் ஒன்றுதான். "அருணா, எங்கடி இருக்கற" என்று கேட்டாள். ஒலிவாங்கி வழியாக அது கூடம் முழுக்கக் கேட்டது. போட்டி நின்றது. ஆயிரம் பேர் அருணாவைத் தேடினார்கள். நான் நுரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறி, இரண்டு பட்டுப்புடவைக்கும் நடுவில் போய் நின்றேன். அப்பா அம்மாவுக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்தால் தப்பு நடந்தது என்று அப்போதுதான் அவருக்குப் புரிய ஆரம்பித்திருப்பது தெரிந்தது. விளக்கு மின்னியது.

"இந்தப் பொண்ணு யாரு?" என்றார் ஓவியர்.

நான் எத்தனையோ தடவை கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். நுரைமகள், ஓசூருக்குப் பக்கத்து அணை, தண்ணீரிலிருந்து ஆள் உயரத்துக்கு எழும் நுரை. அவர் கனிவாகத் தலையசைத்துக் கேட்டார். மேடையில் என்னைப் பார்த்து யாராவது கனிவாகத் தலையசைத்தால் அது தோல்வி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்தக் குடும்பத்துல ஒவ்வொரு மடிப்பையும் நம்ப முடியுது. நடை, நிக்கற விதம், பழம் குடுக்கறது, எல்லாமே பர்ஃபெக்ட். நுரைப் பொண்ணு மட்டும் ஒட்டல. தண்ணில இவ்ளோ நுரை எங்கயும் வராதும்மா. கற்பனைன்னாலும் பாக்கறவங்க நம்பணும், இல்லையா?"

"வரும் மேடம்" என்றேன்.

அவர் சிரித்தார். நேரம் முடிந்துவிட்டது. சிறந்த குழு வேஷத்துக்கான முதல் பரிசு எங்கள் வீட்டாருக்குக் கிடைத்தது. ராக்கெட் வடிவத்தில் ஒரு கேடயம். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, கம்பெனியில் விருது வாங்குகிறவர் மாதிரி பாதி குனிந்தார். கீழே இறங்கியதும் பெரியப்பா, "சாப்பாடு எந்தப் பக்கம்?" என்று விசாரித்தார்.

திரும்பும் வழியில் வண்டிக்குள் பஞ்சாயத்து கூடியது. அத்திப்பள்ளியில் நெரிசல் என்று முனிவேல் பாகலூர் வழியாக ஓட்டினார். நான் உடையைக் கழற்றி மூட்டை கட்டி, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்து அழுதுகொண்டிருந்தேன். யாரும் என்னைச் சமாதானப்படுத்தவில்லை, ஏனென்றால் எல்லாரும் என்னைப் பற்றி விவாதிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

"பிரைஸ் வந்தா சென்னைன்னு சொன்னீங்க. வந்துடுச்சி. அனுப்புங்க" என்றாள் அம்மா.

"அது எப்படிம்மா?" என்றார் பெரியப்பா. "பிரைஸ் எங்களுக்கு வந்துது. இவளத்தான் ஒட்டலன்னு தனியா எடுத்துச் சொன்னாங்களே. பேச்சுன்னா பேச்சு. நான் சீட்டு சொல்லி வெச்சிருக்கறன்."

"அவ டோக்கன்லதான் நீங்க ஏறினீங்க."

"ஏறச் சொன்னது யாரு, நானா?"

"நீங்கதான்" என்றாள் பெரியம்மா.

பெரியப்பா வேட்டிக் கறையை விரலால் தேய்த்தார். "கல்யாணம்னு நெனச்சிட்டன்" என்று மெதுவாகச் சொன்னார். "ஆனாலும் நல்லாத்தான் கவனிச்சாங்க."

தீர்ப்பு சொல்ல வேண்டியவர் அப்பா. கேடயத்தை மடியில் வைத்து விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "ஓரத்துல பிசிறு இருக்குது. ஃபினிஷிங் சரியில்ல" என்றார். அப்பாவை எனக்கு அந்த நிமிடம் அடியோடு பிடிக்கவில்லை.

அணைக்குப் பக்கத்துத் தரைப்பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் வரிசையாக லாரிகள், இரண்டு சக்கர வண்டிகள். இன்னும் வெளிச்சம் இருந்தது. பெங்களூரில் இரண்டு நாளாக மழை என்பதை நாங்கள் மறந்தே போயிருந்தோம். பாலத்தைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நுரை நின்றது. லாரியின் கண்ணாடி உயரத்துக்கு, அடுக்கடுக்காகச் சுருண்டு, காற்றுக்கு மெல்ல அசைந்துகொண்டு நின்றது. அதன் ஒரு துண்டு பிய்ந்து வந்து எங்கள் வண்டியின் முகப்பில் உட்கார்ந்தது. தீயணைப்பு வண்டி வந்து தண்ணீர் அடித்தால்தான் வழி கிடைக்கும் என்றார்கள். பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதப் போயா எங்கயும் வராதுன்னு சொன்னாங்க?" என்றாள்.

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். ஜரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நுரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். சாய்ந்து பார்த்தார், குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி, "அந்த டிரஸ்ஸ எடுத்துக்கினு வா" என்றார்.

எனக்கு இறங்கவே பிடிக்கவில்லை. அம்மா மூட்டையை என் கையில் திணித்து வெளியே தள்ளினாள். அப்பா மூட்டையைப் பிரித்து, தோள் பகுதியை எடுத்து, தோசையைத் தூக்கிப் பிடிப்பது போலவே இரண்டு கையாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஆற்று நுரைக்குப் பக்கத்தில் வைத்து அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். அவர் கம்பெனியில் வேலை செய்வதை நான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது. பைக்கில் காத்திருந்தவர்கள் வண்டியை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"சுருட்டினது சரியா இருக்குது" என்றார். "அடுக்கும் சரி. கீழ பெருசு, மேல சின்னது. ஓரத்துல குமிழி தனித்தனியா நிக்குது, அதையும் பண்ணியிருக்கற." அவர் குரல் மாறியிருந்தது. "அந்த அம்மா மாஸ்டர் சாம்பிள் பாக்காம ரிஜெக்ட் பண்ணியிருக்காங்க. அது செல்லாது."

"அப்ப பாஸா?" என்று வண்டிக்குள்ளிருந்து கேட்டார் பெரியப்பா. சீட்டு சொல்லி வைத்தவரின் கவலை அவருக்கு.

"இல்ல" என்றார் அப்பா.

நான் மூட்டையை மறுபடியும் கட்ட ஆரம்பித்தேன்.

"கலர் தப்பு. நீ சுத்த வெள்ளையில பண்ணியிருக்கற. இது வெள்ளை இல்ல. நல்லாப் பாரு, உள்ள சாம்பல் ஓடுது, அடியில கருப்பு. அழுக்கு அதுக்குள்ளயே இருக்குது, மேல பூசினாப்பல இல்ல. நீ அதக் கொண்டாரல. ரீவொர்க் பண்ணணும்."

அவர் சொன்னது சரிதான். எனக்கு அது தெரியும், அதனால்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு வரலப்பா. சாயம் பூசிப் பாத்தன், கரி தடவிப் பாத்தன். எல்லாம் மேலயே நிக்குது. உள்ளேர்ந்து வர்றாப்பல எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியல, போதுமா?" என்று கத்தினேன். பைக்கில் இருந்தவர்கள் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா தோள் பகுதியைச் சுருக்கம் விழாமல் மடித்து என் கையில் கொடுத்தார்.

"தெரியலைன்னா அந்தச் சென்னைக் காலேஜுல போய்க் கத்துக்க" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் வண்டியிலிருந்து இறங்கி, முனிவேலிடம் தன் போனைக் கொடுத்து, பெரியப்பாவையும் பெரியம்மாவையும் இறங்கச் சொன்னாள். பெரியப்பா முனகிக்கொண்டே வந்து, வேட்டியில் சாம்பார்க் கறை தெரியும்படி நின்றார். பரிசு வாங்கித் தந்த கறை என்பது அவருக்கு இப்போது தெரியும். முனிவேல் போனைத் தூக்கியதும் அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இருங்க. அவ டிரஸ்ஸ மாட்டிக்கட்டும்."

நான் சாலையிலேயே நுரையை மாட்டிக்கொண்டு நிஜ நுரைக்கு முன்னால், அவர்கள் நடுவில் போய் நின்றேன். பெரியம்மா முந்தானை முடிச்சைத் தடவிப் பார்த்தாள். மிஞ்சியிருந்த கொஞ்சம் அட்சதையை எடுத்து என் தலையில் போட்டாள்.